டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 – ஏப்ரல் 28, 1955) தென்னிந்தியாவின் சாலைப் போக்குவரத்துத் துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர், தொழிலதிபர். மதுரையில் பேருந்துச் சேவையைத் தொடங்கியவர். டி. வி. சுந்தரம் அய்யங்கார் அன் சன்ஸ் என்னும் நிறுவனத்தை நிறுவினார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளான டி.வி.எஸ். என்பதே பின்னர் அவருடைய குடும்பத்தார் தொடங்கிய பல நிறுவனங்களின் பெயராயிற்று. பேருந்துகளை நேரந்தவறாமல் ஓட்டுவதற்காக அவர் வளர்த்த பணிமனை, உதிரிப் பாக வணிகம் ஆகியவற்றின் தொடர்ச்சியாகவே சென்னையை அடுத்த பாடியிலும், கர்நாடக எல்லையில் உள்ள ஓசூரிலும் வாகனப் பாகங்களையும் வாகனங்களையும் செய்யும் தொழிற்சாலைகள் பிற்காலத்தில் தோன்றின.

பிறப்பும் இளமையும்

சுந்தரம் அய்யங்கார் 1877 ஆம் ஆண்டு, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூர் நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளுள் ஒன்றாகும். அவர் பெயரின் முன்னெழுத்தாகிய டி என்பது இவ்வூரையே குறிக்கிறது.

தந்தையின் விருப்பப்படி வழக்கறிஞராகத் தம் வாழ்வைத் தொடங்கிய அவர், பின்னர் இரயில்வேயிலும் அதன்பின் வங்கியிலும் பணியாற்றினார். படித்த குடும்பத்து இளைஞர்கள் நிலையான சம்பளம் உள்ள உத்தியோகத்தையே நாடிய காலம் அது. அவ்வாறான வேலையை விட்டுவிட்டு, நாட்டில் அப்போதுதான் அறிமுகமாகியிருந்த மோட்டார் வாகனத் தொழிலில் இறங்க அவர் முடிவு செய்தார்.

பேருந்துச் சேவை

டி.வி.எஸ். நிறுவனத்தின் தொடக்கம் 1911 ஆம் ஆண்டாகக் கணக்கிடப்படுகிறது. 1912 இல் மதுரையில் பேருந்துச் சேவை நடைபெறலாயிற்று. இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 1914 இல்தான் இயற்றப்பட்டது என்பதை நோக்க, இத்துறைக்கென ஒரு சட்டம் பிறப்பதற்கு முன்பே இச்சேவை தொடங்கிவிட்டது எனலாம்.

அக்காலத்தில் தென்மாவட்டங்களின் சாலைகள் பெரும்பாலும் மண்ணும் சரளைக் கல்லும் இட்டவை. மாட்டு வண்டிகளுக்கும் குதிரை வண்டிகளுக்கும் உரியவை. வண்டிச் சக்கரங்கள் பதித்த ஆழமான தடங்களில் மோட்டார் வாகனம் ஏறி இறங்கும்போது பட்டை வில்கள் ஒடிவதும், அச்சுகள் வளைவதும், மரையாணிகள் தளர்வதும் இயல்பாக இருந்தன. கால்நடைகளின் லாடங்களிலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் சக்கரங்களைத் துளைத்தன. இவ்வாணிகளைக் காந்தம் பொருத்திய வண்டியைக் கொண்டு சாலையிலிருந்து அகற்ற டி.வி.எஸ். ஏற்பாடு செய்திருந்தது என்னும் செய்தி வழங்குகிறது.

வாகனங்கள் யாவும் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்தவை. ஒரு சிறு பாகம் உடைந்தாலும் அதற்கு மாற்று, கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. கையிருப்பில் அப்பாகம் இல்லையெனில் பேருந்து வாரக்கணக்கில் நின்றுபோகும். ஆகவே, தொலைவிலுள்ள தயாரிப்பாளரை நம்பி இருப்பதைவிட, எந்தப் பாகம் எப்போது தேயும் என்பதை அறிந்து, அது உடையும் முன்னரே மாற்றுவது பேருந்து உரிமையாளருக்கு இன்றியமையாததாயிற்று.

சுந்தரம் அய்யங்காரின் பேருந்துகள் நேரந்தவறாமைக்குப் பெயர் பெற்றிருந்தன. பேருந்து கடந்து செல்வதைக் கண்டு மக்கள் தம் கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டனர் என்று மதுரைப் பகுதியில் சொல்லப்படுவதுண்டு. பயணிகள் சேரும் வரை காத்திருந்து வண்டியை எடுக்கும் பழக்கம் பரவலாக இருந்த காலத்தில், குறித்த நேரத்தில் புறப்படுவது புதுமையாக இருந்தது. இந்த ஒழுங்கு, ஓட்டுநரின் கட்டுப்பாட்டை மட்டும் சார்ந்ததன்று. காலையில் புறப்படவேண்டிய வண்டி முந்தைய இரவே பார்வையிடப்பட்டு, பழுது நீக்கப்பட்டு நிற்கவேண்டும். வழியில் நின்றுவிடாத வண்டியைக் கொண்டே கால அட்டவணையைக் காக்க இயலும்.

நிறுவனம் வளர்ந்தபோது பேருந்துகளும் சரக்குந்துகளும் சதர்ன் ரோட்வேஸ் என்னும் பெயரில் இயங்கின. 1939 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. ஓடத்தக்க நிலையில் வண்டி உள்ளதா என்பதை உரிமையாளர் மட்டுமன்றி அரசும் சோதிக்கும் முறை இவ்வாறு நிலைபெற்றது.

பணிமனையும் உதிரிப் பாக வணிகமும்

பேருந்துகளுக்காக ஏற்பட்ட பழுது பார்க்கும் திறனும் பாகங்களின் இருப்பும் நாளடைவில் தனித் தொழில்களாயின. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்கள் வாகன விற்பனை, பழுது நீக்கம், உதிரிப் பாக வணிகம் ஆகியவற்றில் ஈடுபட்டன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 இல் பம்பாயில் வாகனங்களைப் பூட்டிச் சேர்க்கும் ஆலையைத் தொடங்கியிருந்தது. 1954 இல் அவ்வாலை மூடப்பட்டது. அந்நிறுவனத்தின் வாகனங்களைப் பெருமளவில் விற்ற முகவர்களுள் சுந்தரம் மோட்டார்ஸ் முதன்மையானதாக விளங்கியது.

தேய்ந்த டயர்களுக்குப் புதிய ரப்பர் மேற்பரப்பு இடும் தொழிலையும் சுந்தரம் அய்யங்கார் தொடங்கினார். இத்தொழிலில் முதல் வேலை சோதனையே ஆகும். டயரின் மேற்பரப்பு தேய்ந்திருப்பினும் உட்கூடு உறுதியாக இருந்தால் மட்டுமே அதற்குப் புதிய ரப்பர் இடலாம். உள்ளிருக்கும் நூலடுக்கு அறுந்திருந்தாலோ, நீர் புகுந்து அடுக்குகள் பிரிந்திருந்தாலோ, புதிய மேற்பரப்பு அக்குறையை மறைத்துவிடும். ஓட்டத்தின்போது வெப்பம் ஏறி டயர் வெடிக்கும். எந்தக் கூட்டை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதைக் கையாலும் கண்ணாலும் அறியும் பயிற்சி பெற்ற தொழிலாளரே இத்தொழிலின் முதலாக இருந்தனர்.

உதிரிப் பாக வணிகத்திலும் இதே சிக்கல் உண்டு. பேருந்தில் பொருத்தப்படும் ஒரு பிரேக் லைனிங் அல்லது ஒரு மரையாணி, நல்லதும் தரம் குறைந்ததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு, மலைப்பாதையின் இறக்கத்திலோ நெடுந்தொலைவு ஓட்டத்திலோதான் வெளிப்படும். தானே பேருந்துகளை ஓட்டிய ஒரு நிறுவனம், தான் விற்கும் பாகம் எவ்வளவு உழைக்கும் என்பதைத் தன் வண்டிகளிலேயே காணும் வாய்ப்பைப் பெற்றிருந்தது. உதிரிப் பாக வணிகத்தில் டி.வி.எஸ். என்னும் பெயருக்கு ஏற்பட்ட நம்பகத்தன்மைக்கு இஃது ஒரு காரணம் எனலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலம்

இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1942 இல் மலாயாவையும் பர்மாவையும் ஜப்பான் கைப்பற்றியதால் ரப்பர், எண்ணெய் ஆகிய இரண்டின் வரத்தும் பாதிக்கப்பட்டது. தனியார் பேருந்துகள் பல நின்றுபோகும் நிலை உருவாயிற்று.

இந்நிலையில் சுந்தரம் அய்யங்கார் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் எனப்பட்ட எரிவாயுக் கலனை வடிவமைத்து உற்பத்தி செய்தார். கரி எரிவாயுவால் வண்டியை ஓட்டும் முறை போர்க்காலத்தில் ஐரோப்பாவிலும் பரவலாகக் கையாளப்பட்டது. உருளை வடிவக் கலனில் கரியைக் குறைந்த காற்றோட்டத்தில் எரித்தால், அது முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயுவை வெளியிடும். இவ்வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி, காற்றுடன் கலந்து எந்திரத்துக்குள் செலுத்துவர். பெட்ரோலைவிட இதன் ஆற்றல் குறைவு. ஏற்றங்களில் வண்டி மெதுவாகவே செல்லும். காலையில் வண்டியைக் கிளப்பும் முன் கலனில் தீ மூட்டிக் காத்திருக்கவும் வேண்டும்.

இக்கருவியின் வெற்றி வடிகட்டியைப் பொறுத்தது. சாம்பல் தூளோ தாரோ எந்திரத்துக்குள் புகுந்தால் சிலிண்டரின் உட்சுவரும் பிஸ்டன் வளையங்களும் விரைவில் தேய்ந்துவிடும். மாற்றுப் பாகங்கள் கிடைக்காத போர்க்காலத்தில் அவ்வாறு தேய்ந்த எந்திரம் திரும்பவும் ஓடுவது அரிது. கலனின் மூட்டுகள் கசிந்தால் நச்சு வாயு வெளியேறும் ஆபத்தும் இருந்தது. எனவே கலனைத் துப்புரவு செய்வதும், மூட்டுகளைச் சோதிப்பதும், வடிகட்டியை மாற்றுவதும் அன்றாடக் கடமைகளாயின. அதுவரை வெளிநாட்டுப் பாகங்களை விற்றும் பொருத்தியும் வந்த நிறுவனம், வாகனத்துக்கான ஒரு கருவியைத் தானே வடிவமைத்துச் செய்தது இக்காலத்தில்தான். பிற்கால உற்பத்தித் தொழிலுக்கு இது முன்னோடியாக அமைந்தது.

குடும்பம்

சுந்தரம் அய்யங்காரின் மனைவி லட்சுமி அம்மாள். அவருடைய மகன்களுள் டி. எஸ். ராஜம், டி. எஸ். சந்தானம், டி. எஸ். சீனிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகிய நால்வரும் தொழிலை முன்னெடுத்துச் சென்றனர். இந்நால்வரின் வழியினரே பின்னர் டி.வி.எஸ். குழும நிறுவனங்களை நிருவகித்தனர்.

மகள் டி. எஸ். சௌந்தரம் (1904–1984) இளவயதிலேயே மணம் முடிக்கப்பட்டுக் கணவரை இழந்தவர். கைம்பெண்கள் வீட்டுக்குள் முடங்கியிருந்த காலத்தில் அவர் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936 இல் மருத்துவரானார். 1940 இல் காந்தியின் வாழ்த்துடன் கேரளத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இருவரும் 1947 இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினர். சௌந்தரம் சென்னை மாநிலச் சட்டமன்றத்திலும் பின்னர் நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். நடுவண் அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார்.

இறுதிக் காலம்

முதுமையில் சுந்தரம் அய்யங்கார் தொழிற் பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1954 இல், டி. எஸ். சந்தானம் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சரக்குந்து வாங்க முதலில்லாத சிறு உரிமையாளர்களுக்குத் தவணை முறையில் கடன் வழங்கியது இந்நிறுவனம்.

சுந்தரம் அய்யங்கார் ஏப்ரல் 28, 1955 அன்று கொடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78. மதுரையில் உள்ள டி.வி.எஸ். நகர் அவருடைய பெயரை நினைவூட்டுகிறது.

உற்பத்தித் தொழிலும் பேருந்துகள் நாட்டுடைமையும்

விடுதலைக்குப் பின் இந்திய அரசு வாகன இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, பாகங்களை உள்நாட்டிலேயே செய்ய ஊக்கமளித்தது. உதிரிப் பாக வணிகத்தில் பல்லாண்டு பழகிய டி.வி.எஸ். குடும்பம் இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டது. 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாசனர்ஸ் ஆகிய நிறுவனங்கள் தோன்றின. இவற்றுள் லூகாஸ், கிளேட்டன் ஆகியவை பிரித்தானிய நிறுவனங்களின் பெயர்கள். சக்கரம், பிரேக், மின் கருவிகள், காற்றழுத்த பிரேக், மரையாணி என வாகனத்தின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் பாகங்களே இவற்றின் பொருள்களாக அமைந்தன. பாடியில் இத்தொழிற்சாலைகள் அமைந்த இடம் இன்றும் பேருந்துப் பயணிகளால் லூகாஸ் டி.வி.எஸ். என்றே குறிப்பிடப்படுகிறது.

1972 இல் தமிழ்நாடு அரசு பெரிய தனியார் பேருந்து நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. சதர்ன் ரோட்வேசின் பேருந்துகள் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் வசமாயின. சுந்தரம் அய்யங்கார் எந்தத் தொழிலால் அறியப்பட்டாரோ அந்தத் தொழில் அவருடைய குடும்பத்தின் கையைவிட்டு நீங்கியது. ஆயினும் அத்தொழிலுக்குத் துணையாக வளர்ந்த பாக வணிகமும் உற்பத்தியும் நிலைத்தன. முதன்மைத் தொழில் அகன்றபின் துணைத் தொழிலே குழுமத்தின் அடிப்படையாயிற்று.

பேருந்துகளை ஏற்ற அரசுக் கழகங்களும் அதே பழைய சிக்கலை எதிர்கொண்டன. ஆயிரக்கணக்கான பேருந்துகளுக்கு வேண்டிய பாகங்களை ஒப்பந்தப்புள்ளி வழியாக வாங்கும்போது, விலை குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது எளிது. தரமானதைத் தேர்ந்தெடுப்பது கடினம். இத்தேவையை ஒட்டிப் புனேயில் உள்ள நடுவண் சாலைப் போக்குவரத்து நிறுவனமும், சென்னை தரமணியில் உள்ள சாலைப் போக்குவரத்து நிறுவனமும் பாகங்களைச் சோதிக்கும் ஆய்வகங்களை நடத்தின.

ஓசூர்

ஓசூர், கிருட்டிணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த நகரம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. மாநிலத் தலைநகரான சென்னை 300 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. வானம் பார்த்த வேளாண்மையை நம்பியிருந்த இப்பகுதி, அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது; கிருட்டிணகிரி மாவட்டம் 2004 இல் பிரிக்கப்பட்டது. 1971 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் இங்குத் தொழிற்பேட்டையை அமைத்தது. பெங்களூரின் அண்மை, மிதமான தட்பவெப்பம், நெடுஞ்சாலை ஆகியவை தொழிற்சாலைகளை ஈர்த்தன. அசோக் லேலண்ட் 1980 இல் இங்குச் சரக்குந்து ஆலையைத் தொடங்கியது.

சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் ஓசூரில் மொபெட் தொழிற்சாலையை அமைத்தது. சுந்தரம் அய்யங்காரின் பேரனும் டி. எஸ். சீனிவாசனின் மகனுமான வேணு சீனிவாசன் 1979 இல் அந்நிறுவனத்தின் நிருவாக இயக்குநரானார். 1980 இல் டி.வி.எஸ். 50 என்னும் இருவர் செல்லத்தக்க மொபெட் வெளிவந்தது. பால்காரர், காய்கறி வணிகர், சிற்றூர் ஆசிரியர் எனப் பலதரப்பட்டோர் இதைப் பயன்படுத்தினர். நிறுவனத்தார் எண்ணியதைவிடப் பன்மடங்கு சுமையை மக்கள் இவ்வண்டியில் ஏற்றினர். நெல் மூட்டையும் பால் கேனும் ஏற்றிய வண்டியின் சட்டமும் சக்கரக் கம்பிகளும் அச்சுமையைத் தாங்கவேண்டியிருந்தன. ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் இணைந்து 1984 முதல் மோட்டார் சைக்கிள்களும் ஓசூரில் செய்யப்பட்டன. இக்கூட்டு 2001 இல் முடிவுக்கு வந்தபின் நிறுவனம் டி.வி.எஸ். மோட்டார் என்னும் பெயரில் தனித்து இயங்குகிறது.

ஒரு வாகனத் தொழிற்சாலை தன் பாகங்கள் அனைத்தையும் தானே செய்வதில்லை. பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்குகிறது. இதனால் ஓசூரைச் சுற்றிலும் கடைசல், அச்சு வார்ப்பு, தகடு வளைத்தல், முலாம் பூசுதல் போன்ற வேலைகளைச் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் பெருகின. இவற்றுக்குத் தரச் சோதனை வாழ்வாதாரப் பிரச்சினையாகும். ஒரு தொகுதிப் பாகம் தள்ளுபடி செய்யப்பட்டால், அதற்கான உலோகம், மின்சாரம், கூலி ஆகியவை சிறு முதலாளிக்கே இழப்பாகும். மறுபுறம், குறையுள்ள பாகம் சோதனையைக் கடந்து சென்றால் அதன் விளைவை முகமறியாத ஒரு பயணி அனுபவிப்பார்.

பாகங்கள் சோதிக்கப்படும் முறை

வாகனப் பாகங்களின் சோதனை, பாகத்தின் வேலைக்கு ஏற்ப மாறுபடும்.

மரையாணிகளை இழுவை எந்திரத்தில் பூட்டி, அவை அறும் வரை இழுத்து வலிமையை அளப்பர். கடினத்தன்மையைக் கூர்முனையால் அழுத்தி அறிவர். மிகக் கடினமான ஆணி உறுதியானது என்று கருதுவது தவறு. அளவுக்கு மீறிக் கடினமானால் அது கண்ணாடிபோல் திடீரென ஒடியும். துருவைத் தாங்கும் திறனை அறிய, உப்பு நீர்ப் புகை நிறைந்த பெட்டிக்குள் பல மணி நேரம் வைப்பர்.

பிரேக் லைனிங்கைச் சுழலும் உருளையின்மேல் மீண்டும் மீண்டும் அழுத்தி, வெப்பம் ஏற ஏற அதன் பிடிப்பு எவ்வளவு குறைகிறது என்று அளப்பர். குளிர்ந்த நிலையில் நன்கு பிடிக்கும் லைனிங், நீண்ட மலை இறக்கத்தில் சூடேறியபின் வழுக்கக்கூடும். கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்கள் வழியே பெங்களூரிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர்க் கணவாய் இதற்கு எடுத்துக்காட்டாகும். சுமையேற்றிய சரக்குந்துகள் அந்த இறக்கத்தில் கட்டுப்பாடிழந்து பல விபத்துகள் நேர்ந்துள்ளன.

உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்யும் பாகங்களில் நுண்துளைகள் இருக்கும். அவற்றின் அடர்த்தியைக் காற்றிலும் நீர்மத்திலும் எடை பார்த்துக் கணிப்பர். இவ்வகைப் பாகங்களைச் செய்யும் சுந்தரம் ஃபாசனர்ஸ் ஆலை ஒன்று ஓசூரில் உள்ளது. இருசக்கர வாகனத்தின் சட்டத்தை அதிர்வு மேடையில் பூட்டி, பல்லாண்டுச் சாலை ஓட்டத்துக்கு ஈடான குலுக்கலைச் சில வாரங்களில் கொடுத்து, வெல்டு வைத்த இடங்களில் விரிசல் தோன்றுகிறதா என்று பார்ப்பர்.

நிறுவனத்தின் உள்சோதனைகளுக்கு அப்பால் சட்டமுறைச் சோதனையும் உண்டு. 1989 ஆம் ஆண்டின் நடுவண் மோட்டார் வாகன விதிகளின்படி, புதிய வகை வாகனம் ஒன்று விற்பனைக்கு வரும் முன் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தின் சான்றைப் பெறவேண்டும். புனேயில் 1966 இல் நிறுவப்பட்ட இந்தியத் தானுந்து ஆராய்ச்சிச் சங்கம் இவற்றுள் முக்கியமானது. சென்னை அருகே ஒரகடத்திலும் இத்தகைய நிலையம் இயங்குகிறது. 2020களில் ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதி மின் இருசக்கர வாகன உற்பத்தியின் மையமாயிற்று. 2022 இல் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பற்றியதைத் தொடர்ந்து மின்கலங்களுக்கான சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன.

தரத்துக்கான பரிசுகள்

செய்து முடித்த பாகத்தைச் சோதித்துக் குறையுள்ளதைத் தள்ளுவது பழைய முறை. குறை தோன்றாதவாறு செய்முறையையே கண்காணிப்பது பிந்தைய முறை. 1924 இல் அமெரிக்காவில் வால்டர் சூவார்ட் உருவாக்கிய கட்டுப்பாட்டு வரைபடம் இதற்கு வழிகாட்டியது. எட்வர்ட்ஸ் டெமிங் 1950 இல் இம்முறையை ஜப்பானியத் தொழில்துறையினருக்குக் கற்பித்தார். அவர் பெயரால் ஜப்பானில் 1951 முதல் டெமிங் பரிசு வழங்கப்படுகிறது.

சுந்தரம் ஃபாசனர்ஸ் 1990 இல் ஐ.எஸ்.ஓ. 9000 தரச்சான்றைப் பெற்றது. இச்சான்றைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் இதுவே. இதன் நிறுவனரான சுரேஷ் கிருஷ்ணா, டி. எஸ். கிருஷ்ணாவின் மகன். சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998 இல் டெமிங் பரிசைப் பெற்றது. இப்பரிசை வென்ற முதல் இந்திய நிறுவனம் என்னும் சிறப்பு அதற்குக் கிடைத்தது. 2001 இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் நிறுவனமும், 2002 இல் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும் இப்பரிசைப் பெற்றன.

மதிப்பீடு

சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தொழில் பற்றி இருவேறு பார்வைகள் உண்டு. பொதுப் போக்குவரத்து ஒரு சில தனியார் குடும்பங்களின் கையில் இருத்தலாகாது என்னும் கருத்தே 1972 இல் நாட்டுடைமைக்கு அடிப்படையாயிற்று. வருவாய் குறைந்த சிற்றூர்த் தடங்களுக்கும் பேருந்து சென்றது அரசுக் கழகங்களால்தான் என்பதை இக்கருத்துடையோர் சுட்டுவர். நேரந்தவறாமையிலும் பராமரிப்பிலும் பழைய டி.வி.எஸ். பேருந்துகளின் ஒழுங்கு பின்னர் பேணப்படவில்லை என்பது மற்றொரு சாரார் கருத்து.

நான்கு கிளைகளாக விரிந்த குடும்பத்தினர், தாம் நிருவகிக்கும் நிறுவனங்களின் உரிமையைத் தமக்குள் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டு, 2022 இல் அந்த ஏற்பாட்டை நடைமுறைப்படுத்தினர். அதன்பின் டி.வி.எஸ். என்பது ஒரே குழுமத்தைக் குறிக்கும் பெயராக இல்லை.

சுந்தரம் அய்யங்கார் தொழிற்சாலை முதலாளியாகத் தொடங்கியவர் அல்லர். பேருந்து உரிமையாளராகத் தொடங்கியவர். பாகத்தைச் செய்பவரின் நிலையிலிருந்து அல்லாமல், அதை நம்பிப் பயணிகளை ஏற்றிச் செல்பவரின் நிலையிலிருந்து தரத்தை நோக்கவேண்டிய இடத்தில் அவர் இருந்தார். ஓசூர் தொழிற்பேட்டை தோன்றுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவர் காலமானார். எனினும் தென்னிந்திய வாகனப் பாகத் தொழிலின் வரலாறு அவருடைய மதுரைப் பணிமனையிலிருந்தே பெரும்பாலும் தொடங்கப்படுகிறது.